அறக்கட்டளைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சட்டப்பணி: சிறு வக்கீல் அலுவலகம் நடத்த முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் தனியாகவோ ஒன்றிரண்டு ஜூனியர்களுடனோ அலுவலகம் நடத்திக்கொண்டு, அறக்கட்டளை, சங்கம், தொண்டு நிறுவனம், கிளினிக், சிறு மருத்துவமனை ஆகியவற்றின் வேலையை மட்டும் எடுக்க நினைக்கும் வழக்கறிஞர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சட்டம் தெரிந்தே இருக்கிறது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் சறுக்குகிறார்கள். வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, யாருக்காக ஆஜராகிறோம் என்பதைப் பிற்பாடு யோசிக்கிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. எடுக்கும் வேலை எது, எடுக்காத வேலை எது என்று எழுதி வையுங்கள்

அறக்கட்டளை, மருத்துவமனை என்ற இந்த இரண்டு துறைகளையும் பிரிக்க முடியாது. ஒரு கண் மருத்துவமனையை நடத்துவது அறக்கட்டளையாக இருக்கும். ஒரு முதியோர் இல்லத்தின் பின்னால் பதிவு பெற்ற சங்கம் இருக்கும். மருத்துவ அலட்சிய வழக்கு மட்டும் பார்ப்பேன் என்று உட்கார்ந்தாலும், எதிர்மனுவில் யார் கையெழுத்திடுவது என்ற கேள்வியிலேயே அறக்கட்டளையை உருவாக்கிய ஆவணமான டிரஸ்ட் டீட் மேசைக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்.

அதே சமயம் எல்லாவற்றையும் எடுக்கவும் கூடாது. அமைப்பை உருவாக்குவது, பதிவுகள், உரிமங்கள், ஒப்பந்தங்கள், பணியாளர் விவகாரம், நுகர்வோர் ஆணைய வழக்குகள்: ஒரு சிறு அலுவலகத்துக்கு இவ்வளவே போதும். வரி மேல்முறையீட்டையும் குற்ற வழக்கு விசாரணையையும் அதில் தேர்ந்தவர்களிடம் அனுப்பிவிட்டு, தகவல் பாலமாக நீங்கள் இருங்கள். பட்டியலை எழுத்தில் வைத்திருந்தால், நன்கு தெரிந்த செயலாளர் தன் சொந்த நிலத் தகராறைக் கொண்டுவரும்போது மறுப்பது எளிது. அதை ஏன் மறுக்க வேண்டும் என்பது நான்காம் பகுதியில் வருகிறது.

2. பெயர்ப் பலகைக்கு முன் விதிகளைப் படியுங்கள்

சிறப்புத் துறை என்றதும் பலகையில் அதை எழுதத்தான் முதலில் கை போகும். இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி விளம்பரத்தைத் தடுக்கிறது. குறிப்பிட்ட வகை வேலையில் சிறப்புத் தேர்ச்சி உள்ளவர் என்றோ, இன்ன நிறுவனத்தோடு தொடர்புடையவர் என்றோ பலகையிலும் லெட்டர் ஹெட்டிலும் போடக்கூடாது என்றும் சொல்கிறது. 2008-இல் வந்த திருத்தம் இணையதளத்துக்கு அளவான இடம் கொடுத்தது: பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, பணிபுரியும் துறைகள். அந்த எல்லைக்குள் நில்லுங்கள். இணையவழி விளம்பரத்தின் மீது சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகவே பேசியிருக்கிறது.

வேலை எப்படி வரும் என்று கேட்பீர்கள். ஆடிட்டர்கள் வழியாகத்தான் அதிகம் வரும். அறக்கட்டளைக்கு ஒரு சிக்கல் வந்தால் அது முதலில் போவது ஆடிட்டரிடம். அந்த உறவை வளருங்கள், ஆனால் பணத்தைக் கலக்காதீர்கள். வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிடும் எந்த ஏற்பாட்டையும் பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. ஆடிட்டருக்கும் மருத்துவமனை ஆலோசகருக்கும் கமிஷன் கிடையாது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

3. கட்சிக்காரர் யார் என்று உறுதி செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

உங்களுக்கு போன் செய்பவர் மேனேஜிங் டிரஸ்டி. ஃபீஸ் கொடுப்பவர் அலுவலக மேலாளர். ஆவணம் அனுப்புபவர் மருத்துவக் கண்காணிப்பாளர். இவர்களில் யாரும் உங்கள் கட்சிக்காரர் இல்லை, நிறுவனம்தான் கட்சிக்காரர். நிறுவனத்தின் சார்பில் உங்களுக்கு அறிவுறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை அவர்களுடைய ஆவணம்தான் சொல்ல வேண்டும்.

அமைப்பு வடிவத்தைப் பொறுத்து விடை மாறும். பொது அறக்கட்டளைக்குக் கம்பெனியைப் போல் தனிச் சட்ட ஆளுமை இல்லை. அறங்காவலர்கள் வழியாகவே அது இயங்குகிறது, அவர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும். ஒருவரே செயல்பட வேண்டுமானால் டிரஸ்ட் டீடில் அதற்கு இடம் இருக்க வேண்டும். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும் சங்கமானால் துணை விதிகளையும் செயற்குழுத் தீர்மானத்தையும் பாருங்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவுக் கம்பெனியானால் இயக்குநர் குழுத் தீர்மானம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, லெட்டர் ஹெட்டில் 'அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருப்பதைப் பார்த்து நம்பிவிடுவது. தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். அந்தக் கூட்டத்துக்கு அறிவிப்பு போனதா, கோரம் (குறைந்தபட்ச உறுப்பினர் வருகை) இருந்ததா என்று மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டுங்கள். கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் வேண்டாம். பின்னாளில் நிர்வாகம் இரண்டாகப் பிளந்து, எதிரணி உங்கள் வக்காலத்தையே கேள்வி கேட்கும்போது அந்த ஒரு தாள்தான் வழக்கைக் காப்பாற்றும்.

பிளவு வருவது அபூர்வமும் அல்ல. அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதி பெற்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போடலாம். அறங்காவலரை நீக்கவும் கேட்கலாம். அன்று நீங்கள் யார் பக்கம் என்பது இன்று எழுதும் கடிதத்தில் முடிவாகியிருக்க வேண்டும்.

4. முரண்பாட்டைச் சோதியுங்கள், பதவியை மறுங்கள்

ஒரு எளிய பதிவேடு தொடங்குங்கள். ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் நேரே அறங்காவலர்கள், செயற்குழுவினர், மருத்துவமனையில் பங்குள்ள டாக்டர்கள், பெரிய நன்கொடையாளர்கள், இடத்தின் சொந்தக்காரர் ஆகியோரின் பெயர்கள் இருக்கட்டும். புதிய வேலை வரும்போதெல்லாம் அதில் தேடுங்கள். இந்த வட்டம் சிறியது; ஒரே டாக்டர் மூன்று டிரஸ்டில் இருப்பார்.

செயலாளரின் சொந்த நிலத் தகராறை மறுக்கச் சொன்னதன் காரணம் இதுதான். அவருடைய சொந்த விஷயங்களை நீங்கள் தெரிந்துகொண்ட பிறகு, நாளை சங்கம் அவர்மீது நடவடிக்கை எடுத்தால் எந்தப் பக்கமும் நிற்க முடியாது.

நல்ல வேலை செய்தால் ஒரு நாள் அழைப்பு வரும்: 'சார், நீங்களே நம்ம கமிட்டியில உறுப்பினரா இருங்களேன்.' மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஒரு நிறுவனத்தின் செயற்குழுவில் இருப்பவர் அந்த நிறுவனத்துக்காகவோ எதிராகவோ எந்த நீதிமன்றத்திலும் அதிகார அமைப்பிலும் ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. குழுவுக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் பொருந்தும். தொண்டில் மனம் இருந்தால், உங்கள் கட்சிக்காரர் அல்லாத ஓர் அமைப்பில் சேருங்கள்.

5. நியமனக் கடிதமும் கட்டணமும்

வக்காலத்து நீதிமன்றத்துக்கு; நியமனக் கடிதம் உங்கள் இருவருக்கும் இடையில். ஒரு பக்கம் போதும். கட்சிக்காரர் யார், யாருடைய அறிவுறுத்தலை ஏற்பீர்கள், எந்த வேலை அடங்கும், எது அடங்காது, கட்டணம், செலவுத் தொகை, விலகும் முறை.

கட்டணத்தைப் பொறுத்தவரை மாதந்தோறும் நிலையான தொகை வாங்கும் ரிட்டெய்னர் முறை இந்தத் துறைக்குப் பொருந்தும். கேள்வி கேட்டால் பில் வருமோ என்று பயந்தால் சின்ன விஷயத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், பெரிதான பிறகே வருவார்கள். ரிட்டெய்னருக்குள் வருவதைத் தெளிவாக எழுதுங்கள்: ஆலோசனை, ஒப்பந்தங்களைப் பார்ப்பது, கூட்ட நடைமுறை. வழக்குக்குத் தனிக் கட்டணம். ரிட்டெய்னர் என்ற பெயரில் முழுநேரச் சம்பள வேலைக்குள் போய்விடாதீர்கள். சம்பளத்துக்கு முழுநேர ஊழியராக இருந்துகொண்டு வக்கீல் தொழில் செய்ய முடியாது.

'ஜெயித்தால் இவ்வளவு சதவீதம்' என்ற பேச்சை மருத்துவமனை தரப்பு எடுக்கும். முடிவைப் பொறுத்த கட்டணத்தையும், வழக்கில் கிடைப்பதில் பங்கையும் 20-ஆம் விதி தடுக்கிறது.

தொண்டு நிறுவனங்களிடம் பணம் கேட்கும் முன் அவர்களுடைய பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். வெளிநாட்டு நன்கொடையில் இயங்கும் அமைப்பானால், நிர்வாகச் செலவு அந்தத் தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020 திருத்தத்துக்கு முன் அது 50 சதவீதமாக இருந்தது. சட்டக் கட்டணம் நிர்வாகச் செலவில்தான் சேரும். உங்கள் பில்லே அவர்களை வரம்பு மீற வைக்கலாம். அப்படியானால் உள்நாட்டு நிதியிலிருந்து கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள், தவணையாக வாங்குங்கள்.

கட்டணமும் செலவுத் தொகையும் கணக்கில் தனித்தனியே இருக்கட்டும். ஜிஎஸ்டியை நீங்கள் வசூலிப்பதில்லை. பெறுபவர் வணிக நிறுவனமாகக் கருதப்பட்டால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் கட்டும் பொறுப்பு அவர்களுடையது. அது பொருந்துமா என்பதை அவர்களுடைய ஆடிட்டர் தீர்மானிக்கட்டும்.

6. முதல் மாதம்: ஆவணங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்

கோப்பு திறந்ததும் வழக்கைத் தொடாதீர்கள். டிரஸ்ட் டீட் அல்லது துணை விதிகள், எல்லாத் திருத்தங்கள், பான், வரி விலக்குப் பதிவு, வங்கிக் கையொப்பதாரர் கடிதம், உரிமங்கள், நில ஆவணம் எல்லாவற்றையும் வாங்குங்கள். தனித்தனியே படிக்காமல் ஒரே மேசையில் பரப்பி ஒப்பிடுங்கள். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருக்கும்; இரண்டைச் சேர்த்து வைக்கும்போதுதான் ஓட்டை தெரியும்.

டீடில் பெயர் 'அறக்கட்டளை' என்று முடியும், பான் கார்டில் 'டிரஸ்ட்' என்று இருக்கும், மருத்துவமனை உரிமத்தில் நிறுவனரின் பெயரே இருக்கும். அப்படியானால் உரிமம் யாருடையது? விபத்து நடந்தால் காப்பீடு யாருக்குக் கிடைக்கும்? வங்கியில் கையெழுத்துப் போடுபவர்களில் ஒருவர் இறந்து வருடக்கணக்காகியிருக்கும். நோக்கங்கள் பகுதியில் 'மருத்துவ உதவி' என்று மட்டும் இருக்கும், ஆனால் நர்சிங் கல்லூரி ஓடிக்கொண்டிருக்கும். சங்கத்தில் செயற்குழு மாறியிருக்கும். மாவட்டப் பதிவாளரிடம் பழைய பட்டியலே நிற்கும்.

கண்டதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, எதை முதலில் சரிசெய்வது என்று வரிசைப்படுத்திக் கொடுங்கள். பெயர்க் குழப்பமும் பொறுப்பாளர் பட்டியலும் முதலில். மற்ற எல்லா விண்ணப்பங்களும் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

பழைய மாதிரிப் படிவங்களை நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டமும் தண்டனைச் சட்டமும் மாறின. 1961 வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம். 12ஏபி (அமைப்பின் வரி விலக்குப் பதிவு), 80ஜி (நன்கொடையாளருக்கான வரிச் சலுகை) என்று எல்லோரும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தாலும், கடிதத்தில் எழுதும் பிரிவு எண்ணைச் சரிபார்த்தே எழுதுங்கள்.

7. காலக்கெடு நாட்காட்டி

இந்தத் தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது. நீதிமன்ற வாய்தா டைரியில் இதைச் சேர்க்காதீர்கள். கட்சிக்காரர் வாரியாகத் தனி நாட்காட்டி வேண்டும்.

வரி விலக்குப் பதிவு பொதுவாக 5 ஆண்டுக்கு. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டாதவற்றுக்கு 10 ஆண்டு என்று 2025 நிதிச் சட்டம் நீட்டித்தது. முடிவதற்கு 6 மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் அந்த ஆண்டு வருமானத்துக்கு வரி கட்டுவதோடு முடியாது, அமைப்பின் நிகரச் சொத்து மதிப்பின் மீதே உச்ச விகிதத்தில் வரி வரலாம். கட்டடமும் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு அது மூடுவிழா.

எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவும் 5 ஆண்டு. ஆண்டறிக்கை நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31. வெளிநாட்டுப் பணம் வந்து சேர வேண்டியது டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில். அந்தப் பணத்தை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் 2020-க்குப் பிறகு முடியாது. கூட்டாகத் திட்டம் நடத்தும் அமைப்புகள் இதில்தான் மாட்டுகின்றன.

மருத்துவமனைப் பக்கம்: உயிரி மருத்துவக் கழிவு ஆண்டறிக்கை ஜூன் 30-க்குள். ஸ்கேன் மையம் இருந்தால், கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டப்படி மாதாந்திர அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள். கர்ப்பிணிகளின் ஸ்கேன் விவரங்களைப் பதியும் படிவம் எஃப்-இல் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எழுத்துப் பிழை என்று தள்ளிவிட முடியாது. பதிவேடுகளைச் சரிவரப் பராமரிக்காததைக் குற்றமாக்கும் பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 2019-இல் அப்படியே நிலைநிறுத்தியது. பத்துப் பேர் வேலை செய்யும் இடமானால் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு வேண்டும். உறுப்பினர்களின் மூன்றாண்டுப் பதவிக்காலம் முடியும் தேதியையும் குறியுங்கள்.

ஒவ்வொரு கெடுவுக்கும் முன்னறிவிப்புத் தேதி ஒன்று, ஆவணம் கைக்கு வர வேண்டிய தேதி ஒன்று எனக் குறைந்தது இரண்டு தேதி போடுங்கள். நினைவூட்டல் எழுத்தில் போகட்டும். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

8. மருத்துவமனைக்கு நோட்டீஸ் வந்த அன்று

முதல் கேள்வி: வந்திருப்பது வக்கீல் நோட்டீஸா, நுகர்வோர் ஆணையத்தின் நோட்டீஸா? புகார் நகலோடு ஆணையத்தின் நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து பதில் தர 30 நாள். ஆணையம் அனுமதித்தால் மேலும் 15. அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. ஆகவே கவரைத் தூக்கிப் போட விடாதீர்கள். தபால் வந்த தேதி அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, நோயாளியின் சிகிச்சைப் பதிவான கேஸ் ஷீட்டை அன்றே பாதுகாப்பில் எடுங்கள். முன் நின்று பக்கத்துக்குப் பக்கம் எண் போட வையுங்கள், ஸ்கேன் எடுங்கள், அசலைப் பூட்டி வையுங்கள். யாரும் ஒரு எழுத்தையும் சேர்க்கக் கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் ஒரு டியூட்டி டாக்டர் விட்டுப்போன குறிப்பை நிரப்புவார். மையின் நிறமும் எழுத்தின் நெருக்கமும் காட்டிக்கொடுக்கும். சரியான சிகிச்சை கொடுத்த மருத்துவமனைகூட அந்த ஒரு வரியால் நம்பகத்தை இழக்கும்.

பிறகு மூன்றை அருகருகே வைத்துப் படியுங்கள்: டாக்டர் குறிப்பு, நர்ஸ் குறிப்பு, மருந்து அட்டவணை. நேரங்களை ஒரு தாளில் இறக்குங்கள். டாக்டர் இரவு 11 மணிக்குப் பார்த்ததாக எழுதியிருப்பார், நர்ஸ் 11.40-க்கு 'டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது' என்று எழுதியிருப்பார். எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கண்டுபிடிக்கும் முன் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

கன்சென்ட் ஃபார்மில் அறுவை சிகிச்சையின் பெயர் எழுதும் இடம் காலியாகவும் கையெழுத்து மட்டும் நிறைவாகவும் இருக்கிறதா பாருங்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்று உச்ச நீதிமன்றத்தின் 2008 சமீரா கோலி தீர்ப்பு சொல்கிறது. மயக்க மருந்து கொடுத்த பிறகு உறவினரிடம் வாங்கும் அவசரக் கையெழுத்துகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகின்றன.

நோயாளி தரப்பு ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி. 'வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது, இனிக் கொடுக்க மாட்டோம்' என்பது நிர்வாகத்தின் இயல்பான எதிர்வினை. கொடுக்கச் சொல்லுங்கள், ஒப்புகை வாங்கச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே தனிக் குற்றச்சாட்டாகும். ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அந்த விதியின் குறைந்தபட்சம். புகாருக்கு 2 ஆண்டுக் காலவரம்பு இருந்தாலும் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் இன்னும் நீண்ட காலம் வைத்திருக்கப் பரிந்துரையுங்கள்.

தர்ம ஆஸ்பத்திரிகள் 'நாங்கள் இலவசமாகச் செய்கிறோம், நுகர்வோர் சட்டம் வராது' என்பார்கள். உச்ச நீதிமன்றத்தின் 1995 சாந்தா தீர்ப்பின்படி, எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்தால்தான் விலக்கு. சிலரிடம் கட்டணம் வாங்கினால், இலவச நோயாளியும் நுகர்வோர்தான்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் போக வேண்டும். தாமதத்தைக் காரணம் காட்டி மறுக்கும் வாய்ப்பைக் கொடுக்காதீர்கள்.

9. ரகசியம்

கேஸ் ஷீட் வாட்ஸ்அப்பில் வரும், ஜூனியரின் சொந்தப் போனில் கிடக்கும். முதலிலேயே நிறுத்துங்கள். அலுவலக மின்னஞ்சல் ஒன்றுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். வரைவுகளில் நோயாளியின் பெயருக்குப் பதில் உள்நோயாளி எண் இருக்கட்டும். கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமை இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-ஆம் பிரிவில் இருக்கிறது. உங்கள் குமாஸ்தாவும் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பதை அவரிடம் சொல்லிவையுங்கள்.

10. கட்சிக்காரர் விலகும்போது

நிர்வாகம் மாறினால் வக்கீலும் மாறுவார். ஃபீஸ் பாக்கி இருக்கிறதே என்று கோப்பைப் பிடித்து வைக்காதீர்கள். வழக்கறிஞருக்கு அந்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் கூறிவிட்டது. பாக்கியைத் தனியாகக் கேளுங்கள். அசல் ஆவணங்களைப் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். அந்தப் பட்டியலோடு, அடுத்த ஆறு மாதத்தில் வரும் கெடுத்தேதிகளை நாட்காட்டியிலிருந்து எடுத்து ஒரு தாளில் இணையுங்கள். புதிய வக்கீல் கோப்பைப் படித்து முடிக்கும் முன்பே ஏதாவது ஒரு தேதி கடந்துவிடக் கூடும். அதில் அடிபடப்போவது அங்கே சிகிச்சைக்கு வரும் நோயாளிகள்.